மின்சாரக் கார்: ஐந்தரை வருஷத்தில் நான் பட்டவை, நீங்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி மின்சாரக் கார் வாங்கினான். பூஜை போட்டு, எலுமிச்சை நசுக்கி, பச்சை நம்பர் பிளேட்டோடு வண்டி தெருவில் நின்றதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன்: ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை வயர் இறங்கி வந்து காரில் முடிகிறது. என்னப்பா இது என்று கேட்டேன்.

"முதல்ல சார்ஜர்ல சிவப்பு லைட் எரிஞ்சுதுங்கண்ணா, எர்த் இல்லைன்னு. எலக்ட்ரீஷியன் வந்து அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிட்டாருங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எர்த் என்பது கசியும் கரன்டை மண்ணுக்குள் இறக்கும் வழி, அது அஞ்சு நிமிஷத்தில் சரியாகாது. குழி தோண்டவே அரை நாள் ஆகும். அஞ்சு நிமிஷத்தில் சரியானால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள்.

கோயம்புத்தூரில் ஐந்தரை வருஷமாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். ஓடியது 84,000 கிலோமீட்டர். சார்ஜ் பார்க்காமல் கிளம்புவது, நெடுஞ்சாலையில் 110-ல் விரட்டிவிட்டு விளம்பரத்தில் சொன்ன தூரம் வரவில்லை என்று புலம்புவது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. முதல் மாதத்திலேயே வண்டி அதைக் கற்றுக்கொடுத்துவிடும். இரண்டு மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் பல்லைக் காட்டும் தவறுகள் சில உண்டு. அவைதான் விஷயம்.

சிவப்பு விளக்கை ஏமாற்றுவது

வண்டியோடு வரும் போர்ட்டபிள் சார்ஜருக்கு ஒரு நல்ல குணம். சாக்கெட்டில் ஒழுங்கான எர்த் இல்லையென்றால் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். நம் ஊரில் பாதிப் பழைய வீடுகளில் எர்த் என்பது பெயருக்குத்தான் இருக்கிறது. வீடு கட்டியபோது உப்பும் கரியும் போட்டுப் புதைத்த ஜி.ஐ. பைப் இருபது வருஷத்தில் துருப்பிடித்துப் போயிருக்கும். கோடையில் அந்தக் குழிக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும். கார் மட்டும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

என் வீட்டில் நியூட்ரலுக்கும் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 18 வோல்ட் காட்டியது. இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. வந்த எலக்ட்ரீஷியன், பதினைந்து வருஷமாகத் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "எர்த் வீக்கா இருக்குதுங்கண்ணா. உள்ளார சின்னதா ஒரு லூப் போட்டுட்டா பச்சை லைட் வந்துரும்." சாக்கெட்டின் பின்னால் நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். பச்சை லைட் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆர்.சி.சி.பி., அதாவது கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், ட்ரிப் ஆனது. ஆகத்தான் செய்யும். லைனில் போகும் கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. லூப் போட்டதும் கொஞ்சம் எர்த் வழியாக நழுவுகிறது, அது பிடித்துவிட்டது. அதையும் அவர் "சரி" செய்தார். கார் லைனை ஆர்.சி.சி.பி.யிலிருந்து பிரித்து நேராகக் கொடுத்துவிட்டார்.

ஆக, என்னை எச்சரித்த இரண்டு பேரின் வாயையும் ஒரே மத்தியானத்தில் அடைத்தாயிற்று. இருநூறு ரூபாய் கொடுத்தேன், டீயும் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருவது அந்த டீதான்.

ஒன்றே முக்கால் வருஷம் எதுவும் ஆகவில்லை. இந்தத் தவறின் மோசமான பக்கமே அதுதான், "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே" என்று தைரியமாகச் சொல்ல வைக்கும். ஒரு ஐப்பசி மழை நாள் சாயங்காலம், காற்றில் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரில் நியூட்ரல் விட்டுப்போயிற்று. எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு. நியூட்ரல் போனால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் விழும், இன்னொன்றில் 300-ஐத் தாண்டும். கூடத்து விளக்கு மங்கியது, சமையலறை விளக்கு வெளிச்சம் கக்கியது. எனக்குப் புரிவதற்குள் வாசலில் பட்டென்று ஒரு சத்தம்.

ஓடிப்போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். சுரீர் என்றது. எர்த் பின் வழியாகக் காரின் உடம்பு நியூட்ரலோடு இணைந்திருக்கிறது, அந்த நியூட்ரல் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. அதாவது கார் முழுக்க கரன்ட். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரை மணி நேரம் முன்னால் பக்கத்து வீட்டுப் பையன் அந்த பம்பரில் சாய்ந்துகொண்டுதான் மழையை வேடிக்கை பார்த்தான். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

போர்ட்டபிள் சார்ஜர் கருகியது. வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜரும் போயிற்று. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த பையன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சாக்கெட்டைத்தான் கழற்றிப் பார்த்தான். லூப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டான். வாரண்டி கிடையாது என்றார்கள். நியாயம்தான், நான் சண்டை போடவில்லை. டிவியும் ஃபிரிட்ஜும் தவிர்த்து, காருக்கு மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

முறையாகச் செய்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? அப்புறம் செய்தபோது 22,000 ஆனது. மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், லோட் மிஞ்சினால் விழும் தனி எம்.சி.பி., 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி., அதிலும் டைப் ஏ (துடிப்பாக வரும் டி.சி. கசிவையும் பிடிக்கும் வகை). புதிதாக ஒரு எர்த் குழி. சுவரில் சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். கீசர் பாயின்ட் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கீசர் 15 நிமிஷம் இழுத்துவிட்டு நின்றுவிடும். 30 யூனிட் பேட்டரியை 3.3 கிலோவாட்டில் ஏற்றினால் ஒன்பது மணி நேரம் 15 ஆம்பியர் நிற்காமல் ஓடும். எங்காவது ஒரு ஸ்க்ரூ லூஸாக இருந்தால், அந்த ஒரு புள்ளியில் ராத்திரி முழுக்கச் சூடு ஏறும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகுவதும் இதனால்தான்.

சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்க வைத்தால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வாயிலிருந்து "லூப்" என்ற சொல் வந்தால் வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

எல்லா பேட்டரிக்கும் ஒரே விதி

"80-க்கு மேல் ஏற்றாதே, 20-க்குக் கீழே இறக்காதே" என்பது ஏதோ குலதெய்வ வாக்கு மாதிரி ஆகிவிட்டது. நானும் முதல் வருஷம் அப்படித்தான் விரதம் இருந்தேன். ஒரு நாள் அவிநாசி தாண்டி வரும்போது 17 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி ஒரே பாய்ச்சலில் 6-க்கு இறங்கியது. வீடு வந்து சேர்ந்தது அவிநாசியப்பர் புண்ணியம்.

விஷயம் இதுதான். அந்த விதி என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை பேட்டரிக்குப் பொருந்தும். 2019-ல் இங்கே வந்த ஹூண்டாய் கோனாவில் இருந்தது அந்த வகை. அதை எப்போதும் 100-ல் வைத்திருந்தால், அதுவும் நம் வெயிலில், சீக்கிரம் வயதாகும். என் வண்டியில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). நெக்ஸானின் மின்சார மாடலில் வந்ததும் அதே வகை. இதன் செல் வோல்டேஜ் நடுப்பகுதி முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில், 3.2 வோல்ட் வாக்கில் நிற்கும். அதனால் வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட முடியாமல் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி, தடுமாறும். எப்போதாவது ஒரு முறை 100-ஐத் தொட்டால்தான் கணக்கு நேராகும், செல்களும் ஒன்றுக்கொன்று சமமாகும். நான் இப்போது வாரத்துக்கு ஒரு தடவை வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுகிறேன். சதவீதம் குதிப்பது நின்றுவிட்டது.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் வண்டி வேறு.

மலை உச்சியில் ஃபுல் சார்ஜ்

ஊட்டியில் லாட்ஜில் இலவசமாக சார்ஜ் போடவிட்டார்கள் என்று ராத்திரி முழுக்க ஏற்றி, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கினேன். குன்னூர் தாண்டியதும் கவனித்தேன், காலை எடுத்தால் வண்டி வழக்கம்போல் இழுத்துப் பிடிக்கவில்லை. காலை எடுத்ததும் மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து உண்டாக்கும் கரன்டுக்கு ரீஜென் என்று பெயர். நிரம்பிய பேட்டரியில் அதைப் போட இடமில்லை. ஆகவே அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மட்டும்தான். பர்லியாறு வரும்போது பிரேக் வாசனை காருக்குள்ளேயே வந்துவிட்டது.

கணக்கும் பாருங்கள். நான்கு பேரோடு 1,700 கிலோ எடை, ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1,900 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தில் மட்டும் எட்டு யூனிட்டுக்கு மேல் சக்தி இருக்கிறது. உருளல், காற்று எல்லாம் தின்றது போக நாலு யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பியிருக்கும். 75-ல் நிறுத்தியிருந்தால் போதும். இலவசம் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

சின்ன பேட்டரியை மறப்பது

பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருக்கும், வண்டி கதவே திறக்காது. காரணம் 12 வோல்ட் பேட்டரி. கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் அதன் தயவில்தான். நான் டேஷ்கேமை எப்போதும் ஓடும்படி இணைத்துவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் அந்தச் சின்ன பேட்டரி பிணம். மூன்றாவது வருஷத்துக்கு மேல் அதை ஒவ்வொரு சர்வீஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கூலன்ட்

பேட்டரியையும் மோட்டாரையும் குளிர்விக்கும் திரவம் இது. இதற்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். பழைய பெட்ரோல் காரின் மிச்ச கூலன்ட் டப்பாவையும்.

பிரேக் தேயாது என்ற நம்பிக்கை

அதிகம் தேயாது, உண்மை. துருப்பிடிக்கும். உபயோகமே இல்லாமல், பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரின் பின் இறுகிப்போய் என் பின் சக்கரம் ஒன்று பிடித்துக்கொண்டது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

500 யூனிட்டை மறந்த கணக்கு

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டு பில்லின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு வருவது இரண்டு மாத பில். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 380 யூனிட் கார் மட்டும் தின்னும். வீடு 250 தின்றால் மொத்தம் 630. 500-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு விலை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். தாண்டியதால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் கட்டணமும் இரட்டிப்பாகியிருந்ததை நான் பில் வந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கார் எரிக்கும் யூனிட்டுகள் அந்த மேல் படியில்தான் போய் உட்காரும். அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் கடன் தவணைக்குக் கணக்குப் போடும்போது அந்த விலையை வைத்துப் போடுங்கள்.

ரசீதைத் தொலைப்பது

பேட்டரிக்குப் பல கம்பெனிகள் தரும் வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. "எட்டு வருஷம் கவலையில்லை" என்று படித்துவிட்டு மூடிவிடுகிறோம். சர்வீஸ் காலக்கெடுவைத் தவறவிட்டாலோ, ஸ்பீக்கருக்கும் ஃபாக் லைட்டுக்கும் வெளியில் வயரை வெட்டி இணைத்தாலோ, கேட்கப் போகும் நாளில் அதையே காட்டி மறுக்க இடம் உண்டு. என்ஜின் ஆயில் மாற்ற வேண்டியதில்லையே, சர்வீஸுக்கு எதற்குப் போக வேண்டும் என்று நானும் ஒரு தடவை ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். நல்லவேளை, அதற்குள் எதுவும் கெடவில்லை.

ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரியின் எஸ்.ஓ.எச். (புதிதாக இருந்தபோது பிடித்ததில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்ற எண்) எவ்வளவு என்று கேட்டு, காகிதத்தில் எழுதி வாங்கி வையுங்கள். வாயால் "நல்லா இருக்குங்க சார்" என்பார்கள். எண் வேண்டும் என்று நின்றால் தருவார்கள். என்னிடம் எட்டு காகிதங்கள் இருக்கின்றன, கடைசியாக எழுதியது 91. வாரண்டி முடிய இன்னும் இரண்டரை வருஷம் இருக்கிறது. ஏழரை வருஷம் ஆனதும் ஒரு முழுச் சோதனை எடுக்கச் சொல்லி இப்போதே போனில் நினைவூட்டல் போட்டுவிட்டேன். எட்டு வருஷம் முடிந்த மறுநாள் எடுத்து என்ன பயன்?