புரட்டாசி விருந்தாளிகள்: பினாங்கில் வலசைப் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி?

நம் ஊரில் இலையுதிர் காலம் கிடையாது. ஆனாலும் சைபீரியாவில் குளிர் தலைகாட்டும் சேதி பினாங்குக்கு வந்துவிடும். கொண்டுவருவது வலசைப் பறவைகள், அதாவது பருவம் பார்த்து இடம்பெயர்பவை. உள்ளான்களில் (கரையோரச் சேற்றில் இரைதேடும் பறவைகள்) சில ஜூலை, ஆகஸ்டிலேயே வந்து இறங்கும். புரட்டாசி பிறக்கும்போது கூட்டம் களைகட்டிவிடும்.

1. முதலில் வீட்டுக்காரர்கள்

விருந்தாளியை அடையாளம் காண, இங்கேயே இருப்பவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு திடலோ பூங்காவோ போதும். தீவில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலை கோயிலுக்குப் பக்கத்தில் 1884இல் உருவான தாவரவியல் பூங்கா இருக்கிறது. இரண்டு வாரம் மைனா, புள்ளிப்புறா, மாங்குயில், மீன்கொத்தி இவற்றை மட்டும் பாருங்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் இதைச் செய்தவருக்குத்தான் மூன்றாம் வாரம் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் சட்டென்று கண்ணில் படும்.

2. பைனாகுலர்

8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 8 மடங்கு பெரிதாகக் காட்டும். முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாகக் காட்டுவதை வாங்கினால், பழகாத கையில் காட்சி ஆடும். பறவையைப் பார்த்தபடியே, கண்ணை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த கிளையே தெரியாது.

3. முதல் பறவை: பழுப்புக் கீச்சான்

என்னைக் கேட்டால் எல்லாரும் இதில்தான் தொடங்க வேண்டும். ஒளிந்துகொள்ளாது. திடல் ஓரத்து வேலிக் கம்பத்திலோ புதரின் உச்சியிலோ தனியாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். மைனாவைவிடச் சிறியது. முதுகு பழுப்பு, கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம், நுனி வளைந்த தடித்த அலகு. வெட்டுக்கிளி அசைந்தால் பாய்ந்து பிடித்துக்கொண்டு கம்பத்துக்கே திரும்பும். கரகரவென்று திட்டுவதுபோல் கத்தும். பெயரே அதிலிருந்து வந்ததுதானே!

குளிர்காலம் முழுக்க ஓர் இடத்தைத் தனதாக்கிக் காக்கும். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குத் திரும்புவதும் உண்டு. பட்டர்வொர்த்தில் நான் நடக்கும் திடலில் ஒரே வேலிக் கம்பத்தில் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து ஒரு கீச்சானைப் பார்த்தேன். காலில் அடையாள வளையம் மாட்டாத பறவை, அதே ஆள்தான் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் இரண்டாம் ஆண்டு அதைக் கண்ட காலையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

4. மின்கம்பியைப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன் வானத்தில் எந்நேரமும் சுற்றுபவை உழவாரக் குருவிகள். அவற்றால் கம்பியில் உட்கார முடியாது. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது தகைவிலான். தொண்டைச் சிவப்புக்குக் கீழே மார்பில் கருநீலப் பட்டையும் வெளுத்த வயிறும் இருந்தால் வடக்கிலிருந்து வந்தது. பட்டை இல்லாமல் வயிறு அழுக்குச் சாம்பலாக இருந்தால் உள்ளூர்த் தகைவிலான். வால் நீளமாக இருந்தால்தான் வடக்கிலிருந்து வந்தது என்று நம்பாதீர்கள். வந்த பறவைகளிலும் இளசுகளுக்கு வால் குட்டை.

5. சேற்றுக் கரை

பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக் கரை, உலக அளவில் முக்கியமான பறவை வாழிடமாகக் குறிக்கப்பட்டது. இங்கே கடிகாரத்தைவிட, கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் அட்டவணை முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது போனால் பறவைகள் எங்கோ தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். நீர் முழுக்க ஏறிவிட்டால் சேறே இருக்காது. அவை ஒதுங்கப் பறந்துவிடும். உச்சநீருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். ஏறும் தண்ணீர் அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

இந்தக் கரை மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் துல்லியமாகத் தெரியும். மாலையில் எல்லாமே கறுப்பு நிழல். அதனால் உச்சநீர் முற்பகலில் வரும் நாளாகப் பாருங்கள். நீர் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்கள் என்பதால் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்க வேண்டாம்: கால் புதையும், பறவையும் மிரளும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தது இரைதேடுகிறது. அதை ஒருமுறை எழுப்பிவிட்டாலும் அதற்கு நஷ்டம்தான்.

முதல் நாள் இரண்டே இரண்டு போதும். செம்மஞ்சள் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளை: பவளக்காலி. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு: கோட்டான் (ஆந்தை அல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை). மற்றவை இந்த நேரத்தில் இறகு மாற்றிக்கொண்டிருக்கும், பாதிச் சிவப்பு, பாதிச் சாம்பல். பெயர் தெரியாவிட்டால் ‘உள்ளான்’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

6. எழுதிவையுங்கள்

தேதி, நேரம், இடம், எண்ணிக்கை. ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள்; நேற்றுவரை இல்லை என்று தெரிந்தால்தான் இன்று வந்தது என்று சொல்ல முடியும். நோட்டுப் புத்தகம் போதும். இ-பேர்ட் செயலியில் இலவசமாகப் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

அக்டோபர் இரண்டாம் சனி உலக வலசைப் பறவைகள் நாள். எப்போதும் புரட்டாசிச் சனியாகவே அமையும். விடிந்ததும் திடலுக்குப் போய்க் கீச்சானைப் பார்த்துவிட்டு, பசியாறி, பிறகு கோயிலுக்குப் போகலாம்.