டிரேட் மாற்றமும் டி.எஸ்.சி. மறுசேர்க்கையும்: டிஸ்சார்ஜுக்கு முன்பே செய்ய வேண்டியவை

பதினைந்து, பதினேழு ஆண்டுகள் பணியாற்றி, டிஸ்சார்ஜ் தேதி நெருங்கும் நேரத்தில் விடுப்பில் ஊருக்கு வரும் ஜவான்கள், ஆவடியிலும் பட்டாபிராமிலும் தாம்பரத்திலும் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களிடம் தவறாமல் கேட்பவை இரண்டு கேள்விகள்: "அண்ணா, திரும்பப் படையில் சேர முடியுமா? சேர்ந்தால் இதே டிரேட்தானா?" டிரேட் என்பது படையில் ஒருவர் செய்யும் பணிப் பிரிவு. அமெரிக்கத் தரைப்படையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வீரர், தகுதியும் காலியிடமும் இருந்தால், வேறொரு டிரேடில் பயிற்சி பெறுவதை அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகக் கேட்டுப் பெறலாம். நம் படையில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே இரண்டு வழிகள்தான் உள்ளன. ஒன்று, பணியில் இருக்கும்போதே டிரேட் மாறுவது. இதை ரீமஸ்டரிங் என்பார்கள். மற்றொன்று, டிஸ்சார்ஜ் ஆனபின் டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படையில் மீண்டும் சேர்வது.

முதல் வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜி.டி. (ஜெனரல் டியூட்டி, அதாவது பொதுப்பணி) வீரர் கிளார்க் ஆக விரும்பினாலும், மருத்துவக் காரணத்தால் ஒருவர் வேறு டிரேடுக்குப் போக நேர்ந்தாலும், விண்ணப்பம் கம்பெனி கமாண்டர் வழியாகக் கமாண்டிங் ஆபீசருக்கும் அங்கிருந்து வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும் போக வேண்டும். மாற விரும்பும் டிரேடில் காலியிடம் இருக்க வேண்டும். அதற்குரிய கல்வித் தகுதி இருக்க வேண்டும். டிரேட் தேர்விலும் தேற வேண்டும். இவற்றோடு, புதிய டிரேடில் உங்கள் சீனியாரிட்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்காமல் மாறியவர்கள், தங்களுக்குப் பின் சேர்ந்தவர் முதலில் ஹவில்தார் ஆவதைப் பார்த்து மனம் புழுங்கியதுண்டு. டிஸ்சார்ஜுக்கு ஓரிரு ஆண்டுகளே மிச்சம் இருக்கும்போது இந்த முயற்சியில் இறங்குவதால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

பெரும்பாலானோருக்குப் பொருந்துவது இரண்டாவது வழி. 1947 பிப்ரவரி 25 அன்று உருவாக்கப்பட்ட டி.எஸ்.சி., முன்னாள் படைவீரர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டு, ஆயுதக் கிடங்குகள், பாதுகாப்புத் தொழிற்சாலைகள், ஆய்வுக்கூடங்கள், விமானப்படை, கடற்படைத் தளங்கள் ஆகியவற்றைக் காவல் காக்கிறது. அதன் சென்டரும் ரெக்கார்ட் ஆபீசும் கேரளத்தின் கண்ணூரில் இருக்கின்றன. சென்னைக்காரர்கள் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை வாசலில் இவர்களைப் பார்த்திருப்பார்கள்.

விண்ணப்பம் எழுதும் முன் இந்த வேலையின் தன்மையை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். டாங்க் ஓட்டியவர், ரேடார் பழுதுபார்த்தவர், சிக்னல் கருவி இயக்கியவர் என யாராக இருந்தாலும், டி.எஸ்.சி.யில் பெரும்பாலான இடங்கள் ஜி.டி. இடங்களே, கிளார்க் இடங்கள் குறைவு. அதாவது உங்கள் பழைய கைத்தொழில் அங்கே பயன்படாது. இரவு இரண்டு மணிக்கு ரைபிளுடன் வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு லாரியின் பாஸையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, பதிவேட்டில் எண்ணை எழுதுவதுதான் அன்றாட வேலை. ஹவில்தாராக ஓய்வுபெற்றவரும் சிப்பாயாகத்தான் தொடங்க வேண்டும். மூன்று பட்டை இருந்த தோள் வெறுமையாக இருப்பதை ஏற்க முடியுமா என்று வீட்டாருடன் உட்கார்ந்து பேசுங்கள். ஏற்க முடிந்தவர்களுக்கு இது கௌரவமான, ஒழுங்கான வேலை. இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் படை) போன்ற பிரிவுகளில் தொழில்நுட்பம் கற்றவர்களுக்கு மட்டும் நான் வேறு யோசனை சொல்வதுண்டு: படைவீரர் மறுவாழ்வுக்கான இயக்ககமான டி.ஜி.ஆர். நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சி ஒன்றைப் பணியில் இருக்கும்போதே முடித்துவிட்டு, மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு உள்ள 10 சதவீத ஒதுக்கீட்டை முதலில் முயன்று பாருங்கள். கைத்தொழிலை விட்டுவிட்டால் ஐந்து ஆண்டுகளில் அது கையை விட்டே போய்விடும்.

அடுத்து வயதுக் கணக்கு. டி.எஸ்.சி. சேவைக்கு இரண்டாவது பென்ஷன் பெற 15 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். 37 வயதில் சேர்பவர் 52 வயதில் அதை நிறைவு செய்துவிடுவார். 44 வயதில் சேர்பவருக்கு அதற்கு 59 ஆகும், ஆனால் ஓய்வு வயது அதற்கு முன்பே வந்துவிடும். எனவே டிஸ்சார்ஜ் ஆனபின் "சிறிது காலம் ஓய்வெடுத்துவிட்டுப் பார்க்கலாம்" என்று நாளைக் கடத்துவது பெரிய இழப்பு. டிஸ்சார்ஜ் ஆகி எத்தனை ஆண்டுகளுக்குள் சேர வேண்டும் என்பதற்கும் வரம்பு உண்டு. அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய சேவையையும் புதியதையும் சேர்த்துக் கணக்கிடுவதா, பழைய பென்ஷனைத் தனியாகத் தொடர்வதா என்ற விருப்பத் தேர்வைச் சேரும் நேரத்திலேயே எழுதித் தர வேண்டியிருக்கும். அந்தப் படிவத்தை அவசரத்தில் நிரப்பாமல், முந்தைய நாளே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது காகிதத்தில்தான். நம் ஊரில் ‘ஆர். முருகன்’ என்று பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் ‘முருகன் ஆர்’ என்றும், ஆதாரில் தந்தை பெயரும் சேர்ந்து ‘முருகன் ராமசாமி’ என்றும் நிற்கும். வடநாட்டு எழுத்தர் இனிஷியலைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு எழுதியதன் விளைவு இது. என் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தது. பணியில் இருந்தபோது ஒரு பார்ட்-2 ஆர்டரில் (யூனிட் வெளியிடும் பதிவு ஆணை) முடிந்திருக்க வேண்டிய திருத்தம், வெளியே வந்தபின் பிரமாணப் பத்திரம், நோட்டரி, பல கடிதங்கள் என்று எட்டு மாதம் இழுத்தது. ஆகவே, டிஸ்சார்ஜுக்கு ஓராண்டு முன்பே, பெயர், தந்தை பெயர், மனைவி மக்கள் பெயர், பிறந்த தேதிகள் ஆகிய எல்லாவற்றையும் ஆதார், பான், ஷீட் ரோல் (படையின் பணிப் பதிவுத் தாள்), ஸ்பர்ஷ் எனும் இணையவழிப் பென்ஷன் கணக்கு ஆகியவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, தவறு இருந்தால் யூனிட்டிலேயே திருத்திக்கொள்ளுங்கள். நடத்தை பற்றிய குறிப்பு என்னவென்றும் அதே நேரத்தில் பாருங்கள். மறுசேர்க்கையில் முதலில் பார்க்கப்படுபவற்றில் அதுவும் ஒன்று.

மருத்துவத் தகுதி ஷேப்-1 ஆக இருக்க வேண்டும். மனநலம், செவி, கை கால், உடல் வலிமை, கண் ஆகிய ஐந்தையும் குறிக்கும் சொல் அது. பீரங்கிப் படையிலிருந்து வருபவர்கள் செவித்திறனையும், மற்றவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை ஆகியவற்றையும் ஆறு மாதம் முன்பே பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஓட்டமும் உடற்பயிற்சித் தேர்வும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் மாதமே வீட்டுச் சாப்பாட்டில் இடுப்புச் சுற்றளவு ஏறிவிடும்; காலை ஐந்து மணி ஓட்டத்தை ஒரு நாளும் விடாதீர்கள்.

மறுசேர்க்கை முகாம் அறிவிப்புகளை உங்கள் ரெஜிமெண்டல் சென்டர் மூலமாகவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரித்துக்கொண்டே இருங்கள். இதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. "கண்ணூரில் ஆள் இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சேர்ந்தபின், ஆண்டுதோறும் பென்ஷனுக்காகத் தரும் உயிர்வாழ் சான்றில் மறுபணியில் இருப்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால், கூடுதலாகப் பெற்ற தொகையைப் பின்னாளில் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள்.

அழைப்பு வந்தால், சென்ட்ரலிலிருந்து இரவு மங்களூர் மெயில் ஏறினால் மறுநாள் கண்ணூரில் இறங்கலாம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கல் ஆணை), கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் அசல்களைப் பெட்டிக்குள் வைக்காமல் தோள்பையில் வையுங்கள். ஒரு முழு நகல் தொகுப்பை வீட்டில் மனைவியிடம் கொடுத்து, எந்த அலமாரியில் எந்த உறையில் இருக்கிறது என்பதையும் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.