கையைக் கடிக்காத பனிச்சறுக்குப் பயணம்: கூட்டத்தில் புதியவர்களும் இருந்தால்

பத்துப் பேராகப் பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஆரம்பித்தால் முதல் நாளே நடப்பது ஒன்றுதான்: ஏற்கெனவே சறுக்கத் தெரிந்த இரண்டு மூன்று பேர் தங்களுக்குப் பிடித்த மலைகளின் பெயரை அடுக்குவார்கள், தெரியாதவர்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுச் சும்மா இருப்பார்கள். செலவு எகிறத் தொடங்குவது அங்கேதான். தெரிந்தவர் தேடுவது நீளமான, செங்குத்தான பாதைகளை. அவை இருக்கிற பெரிய இடங்களில் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கான பாஸும் வீட்டு வாடகையும் அதிகம். புதியவரோ முதல் மூன்று நாளும் ஏதோ ஒரு சின்னச் சரிவில் விழுந்து எழுந்துகொண்டிருப்பார். பிரான்ஸின் லே த்ருவா வாலேயில் 600 கிலோமீட்டர் பாதை இருக்கிறது என்பதால் அவருக்கு என்ன லாபம்?

அதனால் இடத்தைப் புதியவர்களுக்காகத் தேர்ந்தெடுங்கள். தெரிந்தவர்களுக்கு நடுத்தரமான ஒரு மலையே ஒரு வாரத்துக்குப் போதும். கொஞ்சம் முனகுவார்கள், விடுங்கள்.

ஆனால் இடத்துக்கும் தேதிக்கும் முன்னால் பணத்தைப் பேசிவிட வேண்டும். எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஏற்பாடு செய்பவர் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பி மூன்றே கேள்வி கேட்கட்டும்: மொத்தமாக எவ்வளவுக்கு மேல் முடியாது, இதுவரை எத்தனை நாள் சறுக்கியிருக்கிறாய், எந்தத் தேதிகளில் கட்டாயம் வர முடியாது. வருகிற தொகைகளைக் கூட்டி சராசரி பார்க்காதீர்கள், ஆகக் குறைந்த தொகைக்குத் திட்டம் போடுங்கள். 'எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்' என்கிற நண்பர்தான் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வார், அவர் பங்கு வாடகை மற்றவர்கள் தலையில் விழும். எங்கள் குழுவில் ஒருமுறை இரண்டு பேர் அப்படிக் கழன்றுகொண்டு, மிச்சமிருந்த ஆறு பேர் எட்டுப் பேர் வீட்டுக்கு வாடகை கட்டினோம். அதற்கப்புறம் எங்களிடம் ஒரே விதி: திரும்பக் கிடைக்காத முன்பணத்தைச் சொன்ன தேதிக்குள் கட்டியவர் மட்டும்தான் வருகிறவர்.

எல்லாச் செலவையும் சமமாகப் பிரிப்பதும் தப்பு. வீடு, வண்டி, மளிகை ஆகியவை பொதுக் கணக்கு. லிஃப்ட் பாஸ், வகுப்பு, கருவி வாடகை, இன்ஷூரன்ஸ் அவரவர் கணக்கு. கூகிள் ஷீட்டில் இந்த இரண்டையும் முதலிலேயே பிரித்து எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

சரி, எப்போது போவது? பள்ளி விடுமுறையில் போகாதீர்கள், அவ்வளவுதான். ஆல்ப்ஸில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும் பிப்ரவரி விடுமுறை வாரங்களும் உச்ச விலை. மலிவாக வேண்டுமென்றால் ஜனவரி இரண்டாவது, மூன்றாவது வாரம். பனி நன்றாக இருக்கும், ஆனால் கடுங்குளிர், வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும். தெரிந்தவர் ஓடிக்கொண்டே இருப்பதால் உடம்பு சூடாகவே இருக்கும், புதியவரோ பாதி நேரம் பனியில் உட்கார்ந்திருப்பார். எனவே என் ஓட்டு மார்ச் முதல் பாதிக்கு. காலையில் பனி இறுகிக் கிடக்கும், மதியத்துக்கு மேல் தாழ்வான இடங்களில் கூழாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் வெயிலில் கற்றுக்கொள்கிறவர் மறுநாளும் வருவார். மார்ச்சுக்குப் போவதென்றால் கொஞ்சம் உயரமான இடமாகப் பாருங்கள்.

இடம் தேடும்போது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரம் சொல்வதைத் தள்ளிவிட்டு, பாதை வரைபடத்தைத் திறந்து நான்கு விஷயத்தைப் பாருங்கள். கற்றுக்கொள்ளும் சரிவு தனியாக ஒதுங்கி இருக்கிறதா, இல்லை வேகமாக வருகிறவர்கள் எல்லோரும் அதன் குறுக்கே இறங்குகிறார்களா? அங்கே நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் கம்பளம் இருக்கிறதா? காலுக்கிடையில் தட்டை வைத்து இழுத்துப்போகும் லிஃப்ட் மட்டும்தான் என்றால் புதியவரின் முதல் நாள் அதோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். மூன்றாவது, சின்னச் சரிவு பழகிய பிறகு அடுத்ததாகப் போக நீளமான ஒரு சுலபப் பாதை உண்டா? பல இடங்களில் குழந்தைச் சரிவுக்கு அடுத்தது நேராகச் செங்குத்துதான். மூன்றாம் நாள் அங்கேதான் மனசு விட்டுப்போகும். நான்காவது, கண்டோலாவிலேயே (கம்பியில் தொங்கிப் போகும் மூடிய பெட்டி) மேலே போய் கண்டோலாவிலேயே இறங்க முடியுமா? முடிந்தால் மதியம் எல்லோரும் உச்சியில் சேர்ந்து சாப்பிடலாம், சறுக்கவே போகாதவரும் வரலாம்.

பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிரான்ஸில் பச்சை ஆகச் சுலபம், அப்புறம் நீலம், சிவப்பு, கறுப்பு. ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்தில் பொதுவாகப் பச்சையே கிடையாது, நீலம்தான் தொடக்கம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆகவே 'நீலப் பாதைதான், பயப்படாதே' என்று ஒருவர் சொன்னால் எந்த நாட்டு நீலம் என்று கேளுங்கள்.

மலிவு என்று பார்த்தால் பல்கேரியாவின் பான்ஸ்கோ, போரோவெட்ஸ், ஜார்ஜியாவின் குடாவுரி போன்றவை ஆல்ப்ஸின் பெரிய பெயர்களைவிடப் பொதுவாகச் செலவு குறைந்தவை. போரோவெட்ஸ் பல்கேரியத் தலைநகர் சோபியாவிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர், குடாவுரி ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியிலிருந்து 120 சொச்சம். இந்த தூரக் கணக்கு முக்கியம், ஏனென்றால் மலிவான விமானம் நள்ளிரவில் இறக்கிவிட்டால் கடைசிப் பேருந்து போயிருக்கும், டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை வாடகை வண்டிக்குக் கொடுப்பீர்கள். நீங்களே ஓட்டுவதென்றால் குளிர்கால டயர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த டயரோ, டயரில் மாட்டும் பனிச் சங்கிலியோ கட்டாயம். ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்துக்கு ஓட்டுநரோடு 9 பேர் வண்டிதான் எல்லை. அதனால் எட்டு ஒன்பது பேர் குழு ஒரே வண்டியில் அடங்கும், பத்தாவது ஆள் வந்தால் இரண்டாவது வண்டி வேண்டும்.

வீடு எடுக்கும்போது 'எட்டுப் பேர் தங்கலாம்' என்பதை நம்பாமல் கட்டில்களை எண்ணுங்கள். அதில் இரண்டு பேர் கூடத்து சோபாவில்தான் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சோபாவில் படுப்பவருக்கு வாடகையைக் குறைத்துவிடுங்கள், அதுதான் நியாயம். படுக்கை விரிப்பு, சுத்தம் செய்யும் கட்டணம், சுற்றுலா வரி மூன்றும் தனியா என்றும் பாருங்கள். அப்புறம் தூரம். லிஃப்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி மலிவாக ஒரு வீட்டை நான் பெருமையாகப் பிடித்தேன். ஸ்கீ பூட்ஸோடு, தோளில் சறுக்குப் பலகையோடு, ஏற்றத்தில் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை நடந்த இரண்டாம் நாளே என்னோடு பேசுவதைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். இலவசப் பேருந்து வாசலுக்கு வந்தால் தூரம் பரவாயில்லை. இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் சின்ன வீடே மேல், சமையலறை மட்டும் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் மலைமேல் உணவகத்தில் பத்துப் பேர் தினம் இரண்டு வேளை சாப்பிட்டால் வாடகையில் மிச்சம் பிடித்தது காணாமல் போய்விடும்.

அடுத்து வகுப்பு. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 'நானே சொல்லிக்கொடுக்கிறேன்' என்று கிளம்பும் நண்பருக்கு நல்ல மனசு, ஆனால் தனக்கு எப்படி வருகிறது என்பதே அவருக்குத் தெரியாது. நானும் அப்படி ஒருவரைக் கூட்டிப்போய், லிஃப்டில் ஏற்றி, மேலே போனதும் 'அப்படியே வா' என்று சொன்னேன். அவர் பலகையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நடந்தே இறங்கினார். மறுநாள் பயிற்றுநரிடம் இரண்டு மணி நேரத்தில் பலகை முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து நிற்கக் கற்றுக்கொண்டார்.

குழு வகுப்பு ஆளுக்கு இவ்வளவு என்று விலை. தனிப் பயிற்றுநருக்குப் பெரும்பாலும் மணிக்கு இவ்வளவு, ஒருவர் வந்தாலும் நான்கு பேர் வந்தாலும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்களிடம் ஒரே நிலையில் நான்கைந்து புதியவர்கள் இருந்தால் தனிப் பயிற்றுநரைப் பிடித்துப் பங்கு போடுவது, குழு வகுப்பை ஒட்டியோ அதைவிடக் குறைவாகவோ வரலாம். இரண்டுக்கும் விலை கேட்டுக் கணக்குப் போடுங்கள். குறைந்தது மூன்று நாள், காலை நேர வகுப்பு. மதியம் அதே சரிவில் தானாகப் பழகட்டும்.

பாஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லோருக்கும் ஆறு நாள் முழுப் பாஸ் என்று மொத்தமாக வாங்கிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் புதியவருக்கு அது தேவையே இல்லை. கற்கும் பகுதிக்கு மட்டும் மலிவான டிக்கெட் உண்டா என்று கேளுங்கள், பிரான்ஸில் பல இடங்களில் அந்த லிஃப்டுகள் இலவசமாகவே இருக்கின்றன. வகுப்பு, பாஸ், கருவி மூன்றும் சேர்ந்த புதியவர் பேக்கேஜ் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மூன்றாம் நாள் மாலை, பழகிவிட்டவருக்கு மட்டும் மிச்ச நாட்களுக்குப் பாஸ்.

துணிமணி வாங்காதீர்கள், கடன் கேளுங்கள். நீர் புகாத பேண்ட், ஜாக்கெட், பனிக்கான கண்ணாடி எல்லாம் யாரோ ஒருவர் அலமாரியில் சும்மா கிடக்கும். கையுறை மட்டும் சொந்தமாக, நல்லதாக இருக்கட்டும். ஜீன்ஸும் பருத்தி உள்ளாடையும் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் ஏறிவிடும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும், உயரம் கூடக்கூட அதன் கடுமையும் கூடும் என்பதால் சன்ஸ்கிரீன் பையில் இருக்க வேண்டும், மூக்கின் அடிப்பக்கத்துக்கும் சேர்த்து.

பலகை, பூட்ஸ், ஹெல்மெட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்தால் பெரும்பாலும் தள்ளுபடி உண்டு. பூட்ஸ் போடும்போது ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்னால் நகர வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் மறுநாள் காலையே மாற்றுங்கள். கடைக்காரர் எடையும் திறமையும் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து எந்த அளவு விசையில் கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள், எடையைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் முழங்கால்தான் பதில் சொல்லும்.

இன்ஷூரன்ஸில் 'பனி விளையாட்டு' என்று தனியாக எழுதியிருக்கிறதா, மலை மீட்பும் அடக்கமா என்று பாருங்கள். இத்தாலியில் 2022 முதல் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு சறுக்குகிற ஒவ்வொருவருக்கும் கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம்.

புதியவர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய விதிகள் இரண்டு: உங்களுக்குக் கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை, அவரை இடிக்காமல் போவது உங்கள் பொறுப்பு, நிற்பதென்றால் பாதையின் ஓரத்தில் நில்லுங்கள், மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்கு அடியில் நிற்காதீர்கள்.

தெரிந்தவர்களிடமும் ஒன்று பேசி வையுங்கள். காலையில் அவர்கள் இஷ்டம், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஓரிடம், அதற்கப்புறம் தினம் ஒருவர் முறைவைத்துப் புதியவர்களோடு. யாரையும் 'ஒரே ஒருமுறை' என்று சிவப்புப் பாதைக்கு இழுக்கக் கூடாது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும், ஒருவராவது இன்றைக்கு வரவில்லை என்பார். வராமல் இருக்கட்டும். அதற்காகத்தான் அவருக்குப் பாஸ் வாங்காமல் வைத்திருக்கிறோம்.

கடைசி நாள் மதியத்துக்கு மேல் சோர்ந்த காலோடு இன்னொரு முறை ஏறாமல், கருவிகளைத் திருப்பிக் கொடுங்கள். வீட்டைப் பெருக்கி, ஒவ்வோர் அறையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டெபாசிட் திரும்ப வரும்வரை அழிக்காதீர்கள். திரும்பும் வண்டியிலேயே ஷீட்டைத் திறந்து யார் யாருக்கு எவ்வளவு என்று முடித்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த குளிர்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.