ஓபாக்கை மாற்றும் முன் ஔவையாரைத் தேடிப் பாருங்கள்

நூலகத்தின் இணையவழி நூற்பட்டியலை, அதாவது ஓபாக்கை, மாற்றுவது என்று முடிவெடுத்ததும், குறை வாசகர் பார்க்கும் தேடு பக்கத்தில் மட்டும் உள்ளதா, நூல் வழங்கல், கொள்முதல், இருப்புச் சரிபார்ப்பு உட்பட மென்பொருள் முழுவதிலும் உள்ளதா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முழுவதையும் மாற்றுவதென்றால் கோஹாவைப் பரிசீலிக்கலாம். நியூசிலாந்தின் பொது நூலகம் ஒன்றுக்காக உருவாக்கப்பட்டு, 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திறமூல (மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) நூலக மென்பொருள் இது. மாவோரி மொழியில் இப்பெயருக்குக் கொடை என்று பொருள். உரிமக் கட்டணம் இல்லையே தவிர, சர்வருக்கும் காப்புநகலுக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கத்தான் வேண்டும்.

தேடு பக்கம் மட்டும் போதுமென்றால், வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவான வியூஃபைண்டும், வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளாக்லைட்டும் உள்ளன. இரண்டுமே பழைய மென்பொருளிலிருந்து பதிவுகளை எடுத்து, சோலர் என்னும் தேடுபொறியில் அட்டவணைப்படுத்துபவை. பழைய மென்பொருள் இரவல் நிலவரத்தை உடனுக்குடன் தராவிட்டால், வெளியே சென்ற நூலும் அலமாரியில் இருப்பதாகவே திரையில் தெரியும். பிளாக்லைட் ரூபி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது; அம்மொழி தெரிந்த நிரலாளர் இல்லாத நூலகத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நூலகர் பணியாற்றும் இடத்துக்குக் கோஹாவுடன் வரும் ஓபாக்கே போதும்.

விற்பனையாளர் காட்டும் மாதிரித் தரவில் எல்லாமே அழகாக ஓடும். ஆகவே உங்கள் பதிவுகளிலிருந்தே சுமார் 500-ஐ, குளறுபடியானவற்றையும் சேர்த்து, ஏற்றச் சொல்லி, ‘ஔவையார்’ என்று தேடிப் பாருங்கள். பல ஆண்டுகளாகப் பலர் தட்டச்சு செய்த பட்டியலில், சிலர் ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தையும், சிலர் ‘ஒ’, ‘ள’ என இரண்டையும் இட்டிருப்பார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியே பதிவாகியிருந்தால் ஒருங்குறிச் சீராக்கம், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் முறை, அவற்றைச் சேர்த்துவிடும். ‘ஒள’வை அது தொடாது என்பதால், தரவையே திருத்த வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே சொல்லாகக் கருதும்படி தேடுபொறியின் இணைச்சொல் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அடுத்து ‘நூலகங்கள்’ என்று தேடினால் ‘நூலகம்’ கிடைக்கிறதா என்று பாருங்கள். நூற்பதிவுகளைக் கணினியில் எழுதுவதற்கான பொது வடிவமான மார்க் 21-இல், ஒரு பதிவின் 245-ஆம் புலத்தில் ரோமன் எழுத்திலும் 880-இல் தமிழிலும் தலைப்பு இருந்தால், இரண்டுமே தேடலில் அகப்படுகின்றனவா என்றும் சோதியுங்கள். டாம், டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், நூற்பதிவுகளை மார்க் 21 வடிவிலும் உறுப்பினர், இரவல் விவரங்களைத் தனிக் கோப்பாகவும் ஒருமுறை வெளியே எடுத்துத் தரச் சொல்லி, அவற்றை வேறொரு கணினியில் நீங்களே திறந்து பாருங்கள்.