பிள்ளைகளோடு சேர்ந்து போன் நேரத்துக்கு எல்லை வகுப்பது எப்படி? முதன்முறையாகத் தொடங்கும் பெற்றோருக்கான செய்முறை

இலங்கை மலையகத் தோட்டங்களில் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனிக் கைத்தொலைபேசி கிடையாது. அம்மாவினுடையதோ அப்பாவினுடையதோ ஒரே போன்தான் வீடு முழுவதற்கும் பொது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளிடம் பாடத்துக்கென்று நாமே கொடுத்த போன் அது. இன்றும் வகுப்பாசிரியரின் பயிற்சித்தாள் அதில்தான் வருகிறது, கேமும் அதில்தான் இருக்கிறது. எனவே "போனைத் தொடாதே" என்ற கட்டளை இங்கே இரண்டு நாள்கூட நிற்காது. பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி, எழுதிவைக்கும் எல்லைதான் ஓரளவாவது நிற்கும்.

கீழுள்ள முறை ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. அதற்குக் குறைந்த வயதினரோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. அவர்கள் விடயத்தில் பெரியவர்களே முடிவெடுக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு 1 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார அமைப்பு 2019இல் கூறியிருக்கிறது.

படி 1: திட்டாமல் ஒரு வாரம் கவனியுங்கள்

அண்ட்ராய்ட் போனில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி உண்டு. எந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை அது நாள்வாரியாகக் காட்டும். பொதுப் போன் என்பதால் அப்பா பார்த்த கிரிக்கெட்டும் அதே கணக்கில்தான் சேரும். இதைப் பிள்ளைக்கும் காட்டிவிடுவது நல்லது. குற்றவாளி தான் மட்டுமல்ல என்று தெரிந்தால் பேச்சு சுமுகமாகத் தொடங்கும்.

படி 2: விழிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாளுக்கு இத்தனை மணித்தியாலம் என்று எடுத்தவுடன் ஓர் எண்ணைச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். கொப்பியில் ஒரு தாளை எடுத்துப் பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுங்கள். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலமும், 13 முதல் 18 வயது வரையானோருக்கு 8 முதல் 10 மணித்தியாலமும் உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவர்களின் பரிந்துரை. பஸ்ஸைப் பிடிக்கக் காலை 5.30க்கு எழும் தரம் 5 மாணவி, ஆகக் குறைந்த 9 மணித்தியாலம் உறங்குவதற்கே இரவு 8.30க்குப் படுத்தாக வேண்டும். படுப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் திரையை அணைப்பதென்றால் 7.30 ஆகிறது. மாலை 5 மணிக்குத் தேயிலை மலையில் வேலை முடிந்து வரும் அம்மாவோடுதான் போனும் வீட்டுக்கு வருகிறது என்றால், குளிப்பு, வீட்டுப்பாடம், சாப்பாடு எல்லாம் போக எஞ்சுவது எவ்வளவு என்பதை அந்தப் பிள்ளையே கழித்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் அரை மணித்தியாலம், மிஞ்சினால் முக்கால். தானே கழித்துப் பெற்ற விடையோடு பிள்ளை சண்டை பிடிப்பது குறைவு. நாம் அறிவிக்கும் எண்ணோடுதான் மல்லுக்கு நிற்கும்.

படி 3: எது கணக்கில் சேரும், எது சேராது என்று பிரியுங்கள்

ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடம் இந்த அரை மணித்தியாலத்தில் சேரக் கூடாது. வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவின் வீடியோ அழைப்பு எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது. அதைத் தண்டனையாக நிறுத்துவது கொடுமை. கேம், கார்ட்டூன், குறுங்காணொளிகள் ஆகியவை சேரும். பாடத்துக்கென்று திறந்த போன் யூடியூப்பில் போய் முடிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்பதால், பாடம் முடிந்ததும் போனை ஒருமுறை பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: போன் உறங்கும் இடம்

படுக்கையறைக்குள் போன் கூடாது என்று பொதுவாக அறிவுரை கூறுவார்கள். ஒரே காம்பராவில் (அறையில்) எல்லோரும் படுக்கும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டுக்கு அது பொருந்தாது. அதற்குப் பதிலாக, பாயிலிருந்து கை எட்டாத ஒரு சுவர்த்தட்டைச் சார்ஜ் போடும் இடமாக முடிவு செய்யுங்கள். பெரியவர்களின் போனும் அங்கேதான் கிடக்க வேண்டும். சில டேட்டா பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் தனியாகக் கிடைக்கும் இரவு டேட்டாவுக்காகக் கண்விழிக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்திவைத்து, விடியற்காலை சமைக்க எழும் அம்மாவோ அப்பாவோ அந்த டேட்டாவிலேயே பாடக் காணொளிகளை இறக்கிவைக்கலாம்.

படி 5: போனிலேயே செய்ய வேண்டியவை

யூடியூப்பில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாதிச் சண்டை அதோடு தீரும். டிஜிட்டல் வெல்பீயிங்கில் செயலிக்கு நேர வரம்பு வைக்கலாம், ஆனால் பொதுப் போனில் அது பெரியவரையும் தடுக்கும். பிள்ளையின் போனைப் பெற்றோர் தம் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் ஃபமிலி லிங்க் என்ற கூகுள் செயலி, பிள்ளைக்கென்று தனிப் போன் இருக்கும் வீட்டுக்கே உகந்தது.

படி 6: நிறுத்தும் தருணம்

எல்லை உடைவது பெரும்பாலும் இங்கேதான். "அம்மா, இன்னும் ஒன்னே ஒன்னு" என்று பிள்ளை கெஞ்சும்போது காணொளி பாதியில் இருக்கும், கேம் நடுவில் இருக்கும். நடுவில் பிடுங்கினால் அழுகை வராமல் என்ன செய்யும்? ஆகவே நிமிடத்தை விட்டுவிட்டு, இரண்டு கார்ட்டூன் அல்லது மூன்று ஆட்டம் என்று முடிவுள்ள அளவைத் தொடங்கும் முன்பே பிள்ளையைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கடைசி ஆட்டம் தொடங்கும்போது ஒருமுறை நினைவூட்டுங்கள். முடிந்ததும் போனைத் தட்டில் வைப்பது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

விடுமுறை நாளில் பெற்றோர் வேலைக்குப் போய், பிள்ளை அப்பாயியோடு (அப்பாவின் அம்மாவோடு) இருக்கும் வீடுகளில், அப்பாயியும் இந்தப் பேச்சில் உட்கார வேண்டும். போனை இயக்கத் தெரியாதவருக்கு நிமிடக் கணக்கு கைகொடுக்காது. பகல் சோற்றுக்குப் பிறகு தொடங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இஸ்தோப்புக்கு (வீட்டு முன்திண்ணைக்கு) வந்து கூப்பிடும்வரை என்பது போல, கண்ணால் பார்த்து நடத்தக்கூடிய எல்லையாக அவருக்கு வைத்துக் கொடுங்கள்.

படி 7: தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வரி

தெரியாதவர் செய்தி அனுப்பினாலோ, படம் கேட்டாலோ, மிரட்டினாலோ வீட்டில் சொல்ல வேண்டும். சொன்னதற்காகப் போன் பறிக்கப்படாது. இந்த வாக்குறுதியைப் பெரியவர்கள் மீறவே கூடாது, ஏனென்றால் போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் இதை மறைக்கிறார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தையும் அதன் கீழே எழுதிவையுங்கள்.

படி 8: திருத்தி எழுதுதல்

தாளில் எல்லோரும் கையொப்பமிட்டு, கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மீறினால் என்ன என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். மறுநாள் ஓர் ஆட்டம் குறைவது போதும், ஒரு மாதத்துக்குப் போனே இல்லை என்பதை உங்களாலேயே நடத்த முடியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி உட்காருங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்கும் புலமைப்பரிசில் பரீட்சைக் காலத்துக்கும் வேறு தாள் தேவைப்படும். அப்போதும் பேனா பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.