களவா மீனின் வயதைக் கணிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

களவா போன்ற பவளப்பாறை மீனின் வயதை நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. களவா முதல் சில ஆண்டுகள் விறுவிறுவென வளரும், பிறகு மந்தமாகிவிடும். ஒரே நீளமுள்ள இரண்டு மீன்களுக்கு இடையே பல ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். போதாததற்கு, பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாக முதிர்ந்து, பின்னர் ஆணாக மாறுகின்றன. ஆகவே வயதையும் பாலினத்தையும் ஒரே மீனில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில், வயிறு கிழிக்காத மீனாக வாங்குங்கள். ஒரே இனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வால் வட்டமாக இருப்பதால் வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை மொத்த நீளத்தை அளந்து, எடையையும் குறியுங்கள். கத்தி பட்ட பிறகு இந்த எடை கிடைக்காது.

அடுத்து வயிற்றைத் திறந்து சினையை முழுதாக எடுத்து நிறுங்கள். அந்த எடையை உடல் எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மாதந்தோறும் இதன் சராசரியைக் குறித்துவந்தால், அது உச்சத்துக்கு ஏறிச் சரியும் மாதங்களே முட்டையிடும் பருவம். ஓராண்டு முழுவதும் மீன் சேகரிக்காமல் இதில் இறங்க வேண்டாம். ஆணா பெண்ணா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்: ஆணாக மாறிய மீனின் விந்துப்பையிலும் பழைய சினைப்பையின் உட்குழி மிஞ்சியிருக்கும். அதில் ஒரு துண்டை 10 சதவீத ஃபார்மலினில் (அழுகாமல் காக்கும் நச்சுத் திரவம்) போட்டு, ஆய்வகத்தில் மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதி. கையுறை கட்டாயம்.

இனி தலை. கண்களுக்குச் சற்று மேலாக மண்டையோட்டைக் கிடைமட்டமாக வெட்டி, மூளையை ஒதுக்குங்கள். அதன் அடியில் இருபுறமும் வெண்மையான செவிக்கற்கள் இருக்கும்; உட்காதில் உள்ள இந்தக் கற்கள் வளையம் வளையமாக வளர்வதால் வயதை இவற்றில்தான் எண்ணுகிறோம். பெரிய இணையை இடுக்கியால் மெதுவாக எடுங்கள், எளிதில் ஒடியும். கழுவி உலர்த்திக் காகித உறையில் இடுங்கள். (தலை குழம்புக்குப் போகலாம், ஃபார்மலின் பக்கம் மட்டும் போகக் கூடாது.)

கல்லைக் கறுப்புத் தட்டில் நீரில் மூழ்கவைத்து மேலிருந்து ஒளி பாய்ச்சினால், வெண்பட்டையும் கருந்தடமும் மாறி மாறித் தெரியும். ஒரு வெண்பட்டையும் ஒரு கருந்தடமும் சேர்ந்தது ஒரு வளையம்; வெண்பட்டைகளை எண்ணுங்கள். வயதான மீனில் விளிம்பில் வளையங்கள் நெருங்கிவிடுவதால் முழுக் கல் வயதைக் குறைத்துக் காட்டும். அப்போது கல்லை எபாக்சியில் (இறுகும் பிசின்) பதித்து, மையம் வழியாகக் குறுக்கே அறுத்து, தேய்த்துப் பார்க்க வேண்டும். இருவர் தனித்தனியே, மீனின் நீளம் தெரியாமல் எண்ணட்டும்.

ஒரு வளையம் ஓராண்டுதானா? இதை நிரூபிக்காமல் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் பவள ட்ரவுட் என்ற களவா வகை மீன்களுக்கு டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஊசியாகப் போட்டு, கடலில் விட்டு, மீண்டும் பிடித்தார்கள். மருந்து கல்லில் படிந்து புற ஊதா ஒளியில் மினுங்கும். அதற்குப் பின் உருவான வளையங்களைக் கழிந்த காலத்தோடு ஒப்பிடலாம். 1994இல் வெளியான அந்த ஆய்வில் மிக மூத்த மீனுக்கு வயது 14. அந்த வசதி இல்லாதவர்கள், கல்லின் விளிம்பில் வெண்பட்டை எந்த மாதங்களில் உருவாகிறது என்று ஓராண்டு கவனிக்கலாம்.

கடைசியாக, வயதைக் கிடை அச்சிலும் நீளத்தை நிலை அச்சிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். பெண்ணுக்கு ஒரு நிறம், ஆணுக்கு வேறு நிறம். இந்தப் புள்ளிகளுக்கு வான் பெர்டலான்ஃபி வளைகோட்டை (வயது கூடக்கூட வளர்ச்சி மந்தமாவதைக் காட்டும் கோடு) பொருத்துவதே வழக்கம். சந்தையில் சிறு குஞ்சுகள் கிடைக்காததால் வளைகோட்டின் தொடக்கம் கோணலாகும். கூடு வைத்துப் பிடிப்பவர்களிடம் சிறியவற்றையும் கேட்டு வாங்குங்கள்.