மை சொல்லிவிடும்: சிறைத் தணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு டர்பனின் வெஸ்ட்வில் சிறை தெரியாத இடமல்ல. அங்கே உத்தியோகம் பார்ப்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் பிள்ளையைப் பார்க்க வரிசையில் நிற்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

தென்னாப்பிரிக்கச் சிறைத்துறையின் கணக்கையும் செயல்பாட்டு அறிக்கையையும் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் பார்க்கிறது. கைதிகள் நடத்தப்படும் விதத்தைப் பார்ப்பது நீதித்துறைச் சிறைக் கண்காணிப்பகம். 1998-ஆம் ஆண்டின் 111-ஆம் எண் சிறைச் சட்டத்தில் அமைந்த அதற்கு ஒரு நீதிபதி தலைவர். நாடாளுமன்றக் குழு இரு அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும். கேள்விகள் வேறு வேறு. ஆனால் எல்லோரும் கடைசியில் கைவைப்பது அன்றாடப் பதிவேட்டில்தான்.

அதனால் மிகப் பெரிய தவறு, தணிக்கைக் கடிதம் வந்த பிறகு பதிவேட்டை நிரப்புவது. ஒரு மாதத்துக்கான புகார்ப் பதிவேட்டைத் திறந்தால் 31 நாளும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வில் கையெழுத்து. தினமும் கைபட்ட தாளின் ஓரம் அழுக்கேறி மடங்கியிருக்கும். இதுவோ வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தணிக்கையர் அடுத்து டியூட்டி ரோஸ்டரைக் கேட்பார். 14-ஆம் தேதி கையெழுத்துப் போட்ட அதிகாரி அன்று விடுப்பில் இருந்திருப்பார். அதோடு அந்தச் சிறையின் மற்ற ஏடுகள் மீதும் நம்பிக்கை போய்விடும். விட்டுப்போன நாளை விட்டுப்போனதாகவே காட்டி, இன்றைய தேதியிட்டுக் காரணம் எழுதி, மேலதிகாரி கையெழுத்து வாங்குங்கள். அது ஒரு குறைதான், ஆனால் மோசடி ஆகாது.

பலப்பிரயோகம் நடந்த நாளில்தான் இந்தக் குளறுபடி அதிகம். சட்டத்தின் 32-ஆம் பிரிவு இரண்டு வேலைகளைக் கட்டாயமாக்குகிறது: பலம் பயன்படுத்தப்பட்ட கைதிக்கு உடனே மருத்துவப் பரிசோதனை, கண்காணிப்பு நீதிபதிக்கு உடனே தகவல். சம்பவ ஏட்டில் பிற்பகல் 2.10 என்று இருக்கும். மருத்துவ ஏட்டில் மறுநாள் காலை 9.30. நடுவில் 19 மணி நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு எந்தப் பதிலும் எடுபடாது. காயத்தின் வர்ணனையும் அப்படித்தான். ‘கீழே விழுந்தார்’ என்று வார்டர் எழுதியிருக்க, ‘இரண்டு முன்கைகளிலும் நீளவாக்கில் தடிப்பு’ என்று நர்ஸ் எழுதியிருந்தால் ஏடே சாட்சி சொல்லிவிடும். தனிச்சிறைக்கும் இதே கதி. 30-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு தனிச்சிறையும் அந்த நீதிபதிக்கு உடனே தெரிவிக்கப்பட வேண்டும். கைதி முறையிட்டால் நீதிபதி 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாக அனுப்பினால், முறையிடும் உரிமையே அவருக்குப் பயனற்றுப் போகிறது. மாலையில் கைதிகளை எண்ணி அறையில் பூட்டும் லாக்-அப் முடிந்ததும் சம்பவம், மருத்துவம், தகவல் அனுப்பியது ஆகிய மூன்று ஏடுகளையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாங்காவ்ங் சிறையை விடப் பெரிய பாடம் இல்லை. 2022 மே 3-ஆம் தேதி அறையில் தீ பிடித்து தாபோ பெஸ்டர் என்ற கைதி தற்கொலை செய்துகொண்டதாகச் சொல்லப்பட்டது. கிடைத்த உடலின் பிரேதப் பரிசோதனையோ, தீக்கு முன்பே தலைக்காயத்தால் உயிர் போயிருந்தது என்றது. பெஸ்டர் தப்பிவிட்டார் என்று அதிகாரப்பூர்வமாக ஒப்புக்கொள்ள 2023 மார்ச் ஆகிவிட்டது. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறையாது. சிறையின் அறிக்கையோடு மருத்துவ அறிக்கை முரண்பட்ட நாளிலேயே கோப்பைத் திறந்திருக்க வேண்டும். தனியார் நடத்தும் சிறை என்பதால் துறையின் பொறுப்பு குறையாது.

பணக் கணக்குக்கு வருவோம். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது; நிதிநிலை அறிக்கை மே 31-க்குள் தணிக்கைக்குப் போக வேண்டும். தணிக்கையர் கேட்கும் ஆவணத்துக்குச் சில வேலை நாட்களே அவகாசம். அந்த வாரத்தில் வவுச்சரைத் தேடத் தொடங்குவது பழைய வழக்கம். ‘அவசரக் கொள்முதல்’ இன்னொன்று: போர்வையும் உணவுப் பொருளும் வேண்டும் என்பது ஆண்டு தொடக்கத்திலேயே தெரியும். டெண்டரைத் தாமதித்துவிட்டு ஒரே கொட்டேஷனில் வாங்குவது அவசரம் ஆகாது, திட்டமிடாமைதான். அப்படி நடந்திருந்தால் நாமே முறையற்ற செலவு என்று எழுதிக் கருவூலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தணிக்கையர் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது இன்று ஆபத்து. 2019 ஏப்ரல் முதல் அமலில் உள்ள பொதுத் தணிக்கைத் திருத்தச் சட்டப்படி, பெரிய முறைகேடு பற்றிய அறிவிப்புக்கு 20 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். தொடர்ந்து அசையாமல் இருந்தால் இழப்பை அதிகாரியின் தலையிலேயே கடனாகக் கட்டும் அதிகாரமும் தலைமைத் தணிக்கையாளருக்கு உண்டு.

‘ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்’ என்ற வரி பதில் அல்ல. யார், எந்தத் தேதிக்குள், எந்த ஆதாரம் என்று மூன்றும் இல்லாத நடவடிக்கைத் திட்டம் அடுத்த ஆண்டு அதே தணிக்கைத் தடையாகத் திரும்பி வரும்.

சராசரிக்குப் பின்னால் ஒளிவதும் வேண்டாம். நெரிசலின் மாகாணச் சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு அறையில் கட்டில் பற்றாமல் ஆட்கள் தரையில் படுத்திருப்பார்கள். கேப் டவுனின் போல்ஸ்மூர் சிறையில் விசாரணைக் கைதிகள் பிரிவின் நெரிசலை ஆறு மாதத்தில் கொள்ளளவின் 150 சதவீதத்துக்குக் கொண்டுவர 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. அறைவாரி எண்ணிக்கையைக் கேட்கும் முன்பே கொடுங்கள்.

கைதிகளின் புகாரைக் கேட்கக் கண்காணிப்பகத்தின் சுயேச்சைப் பார்வையாளர் வரும் முந்தின நாள் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதைக் கூடப் பொறுக்கலாம். கைதியோடு அவர் தனியாகப் பேசும்போது காதுக்கெட்டும் தூரத்தில் வார்டரை நிறுத்துவதைப் பொறுக்க முடியாது. அவருக்குச் சிறையின் எந்தப் பகுதியையும் எந்த ஏட்டையும் பார்க்க 93-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பேசிய கைதி அடுத்த வாரமே வேறு சிறைக்கு மாற்றப்பட்டால், காரணம் நியாயமாகவே இருந்தாலும் பழிவாங்கலாகத்தான் படிக்கப்படும். கைதியை மாற்றுவதற்கு முன்பே காரணத்தை எழுதி, கண்காணிப்பகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக, எண்ணிக்கையில் வராமல் போகும் மரணங்கள். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலில் விழுந்து, விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார்; வயது 16. சிறைக்குள் நிகழும் மரணத்தை உடனே நீதிபதிக்குத் தெரிவிக்க இன்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மருத்துவ பரோலில் வெளியே போய் நான்காம் நாள் இறந்தவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். அவரைப் பற்றி யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் தாய்தான் கேட்பாள். விடுதலைக் கோப்பில் அன்றைய எடை, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, ஒப்படைத்த மருத்துவமனை, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து ஆகியவை இருக்கட்டும்.